குசினிச் சுவரில் எறும்பு: மருந்தடித்தால் பெருகுவது ஏன்?

களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். ஐப்பசி மழை தொடங்கியது முதல் அவருடைய குசினியில் சீனிப் போத்தலையும் பால்மா ரின்னையும் மிகச் சிறிய மஞ்சள் நிற எறும்புகள் மொய்க்கின்றன. கடையில் வாங்கிய மருந்தை விசிறினால் இரண்டு நாள் காணாமற்போய், பிறகு படுக்கையறைச் சுவிச் பெட்டியிலிருந்தும் வரத் தொடங்குகின்றன. இரவில் விளக்கைச் சுற்றும் சிறகுள்ள பூச்சிகள் இவற்றின் அரசிகளா என்றும், கூட்டை எப்படி ஒழிப்பது என்றும் கேட்கிறார்.

முதலில், மருந்து விசிறுவதை இன்றே நிறுத்திவிடுங்கள். எறும்புகள் இரண்டாம் இடத்தில் தோன்றியதற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

ஓர் எறும்பைப் பிடித்து வெள்ளைத் தாளில் வைத்து உற்றுப் பாருங்கள். ஏறத்தாழ 2 மில்லிமீற்றர் நீளத்தில் உடல் மஞ்சளாகவும் வயிற்றின் நுனி மட்டும் கருமையாகவும் இருந்தால், அது உலகெங்கும் வீடுகளிலும் வைத்தியசாலைகளிலும் தொல்லை தரும் பாரோ எறும்பு. தலை கருமையாகவும் வயிறு வெளிறியும் இருந்து, விரலால் நசுக்கும்போது பழுதான தேங்காயெண்ணெய் போல மணத்தால், அது பேய் எறும்பு எனப்படும் வேறோர் இனம். இரண்டுக்கும் வைத்தியம் ஒன்றே, ஏனெனில் இரண்டுமே ஒரு கூட்டில் பல அரசிகளை வைத்துக்கொண்டு, சுவர் வெடிப்பிலும் மின்கம்பிக் குழாயிலும் குடியிருப்பவை.

எறும்புக் கூடு முழுவதும் தாய்வழியே அமைந்தது. தாய்வழிக் குடிமுறையை அறிந்த நம் பகுதி வாசகர்களுக்கு இதை விளக்குவது எளிது. உழைக்கும் எறும்புகள் யாவும் பெண்களே. அரசி இடும் கருவுற்ற முட்டைகளிலிருந்து பெண்களும், கருவுறாத முட்டைகளிலிருந்து ஆண்களும் பிறக்கின்றன. ஆண்களின் பங்கு இணைசேர்வதோடு முடிந்துவிடுகிறது. முட்டையிலிருந்து காலற்ற வெண்ணிறக் குடம்பி வெளிவந்து, உண்டு வளர்ந்து, கூட்டுப்புழுவாகி, அதன்பின் முழு எறும்பாகிறது. முழு எறும்பு அதற்குமேல் வளர்வதில்லை. ஆகவே சிறிய எறும்பைக் கண்டு அதைக் குஞ்சு என்று நினைக்க வேண்டாம். பாரோ எறும்பில் முட்டையிலிருந்து உழைப்பாளி உருவாவதற்கு ஐந்தாறு வாரங்கள் செல்லும்.

சீனிப் போத்தலில் காண்பவை இரைதேட வெளியே வந்த ஒரு சிறு பகுதியே. அரசிகளும் குடம்பிகளும் அவற்றைப் பராமரிப்போரும் சுவருக்குள் இருக்க, மருந்து வெளியே வந்தவற்றை மட்டும் கொல்கிறது. அத்தோடு தொல்லை நிற்பதில்லை. ஆபத்தை உணர்ந்த உழைப்பாளிகள் முட்டைகளையும் குடம்பிகளையும் வாயில் கவ்விக்கொண்டு கூட்டம் கூட்டமாகப் பிரிந்துபோய் வேறிடத்தில் புதுக் கூடு அமைக்கின்றன. பாரோ எறும்பு அரசியே இல்லாமல் பிரிந்தாலும், எடுத்துச்சென்ற குடம்பிகளிலிருந்து புதிய அரசிகளை வளர்த்துக்கொள்ளும். பல மாதங்களே வாழும் அரசிகள் பல இருக்கும் இத்தகைய கூட்டில், ஓர் அரசியைத் தேடிக் கொல்வதாலும் பயன் இல்லை.

அவற்றின் உணவுப் பழக்கமே நமக்கு உதவும். ஒடுங்கிய இடையுள்ள எறும்பு திடவுணவை விழுங்க முடியாது. நீர்மத்தைத் தன் தீன்பையில் நிரப்பிச் சென்று, வாயோடு வாய் வைத்து மற்றவற்றுக்கும் குடம்பிகளுக்கும் அரசிகளுக்கும் ஊட்டுகிறது. எனவே மெதுவாகக் கொல்லும் நஞ்சைச் சீனிநீரில் கலந்து வைத்தால், அதைக் கூட்டின் உள்ளே அவையே கொண்டுசேர்க்கும். 100 மில்லிலீற்றர் இளஞ்சூட்டு நீரில் இரண்டு தேக்கரண்டி சீனியையும், மட்டமாக வழித்த கால் தேக்கரண்டி போரிக்கமிலத் தூளையும் கரையுங்கள். போரிக்கமிலம் ஒரு வீத அளவில் இருப்பதே நல்லது. அளவை அதிகரித்தால் எறும்பு குடிக்க மறுக்கும், அல்லது கூட்டை அடையுமுன் இறந்துவிடும். கரம் பலகைக்கு விற்கும் தூள் எல்லாம் போரிக்கமிலம் அல்ல என்பதால், பார்மசியில் கேட்டு வாங்குங்கள். பஞ்சை நனைத்துப் போத்தல் மூடியில் இட்டு, எறும்புத் தடத்தின் ஓரத்தில், பிள்ளைகளுக்கும் பூனைக்கும் எட்டாத இடத்தில் வையுங்கள். இதில் கவனக்குறைவுக்கு இடமே இல்லை. முதல் நாள் எறும்புகள் அதிகமாக மொய்த்தால் கலங்காதீர்கள், நாம் விரும்புவது அதைத்தான். அவை நடக்கும் தடத்தைத் துடைக்காமல், சீனியையும் பால்மாவையும் மட்டும் இறுக மூடி வையுங்கள். இரண்டு மூன்று நாட்களுக்கு ஒருமுறை பஞ்சை மாற்றுங்கள். கூட்டுப்புழுக்கள் எதையும் உண்பதில்லை. அவை பின்னர் எறும்பாகி வெளிவருமாதலால் குறைந்தது ஆறு வாரங்கள் தொடர வேண்டும். சீனியைத் தீண்டாவிட்டால், அதே ஒரு வீத அளவில் போரிக்கமிலத்தை அவித்த முட்டை மஞ்சட்கருவோடு பிசைந்து வைத்துப் பாருங்கள்.

விளக்கைச் சுற்றும் பூச்சிகள் இந்த எறும்புகளின் அரசிகள் அல்ல. பாரோ எறும்பு கூட்டுக்குள்ளேயே இணைசேரும், பறந்து திரள்வதில்லை. அவை முற்றத்து மண்ணிலிருந்து எழும் வேறு எறும்பினமாகவோ, கறையானின் சிறகுப் பருவமான ஈசலாகவோ இருக்கலாம். எறும்பானால் இடை ஒடுங்கி, உணர்கொம்பு முழங்கை போல் மடிந்து, முன்சிறகு பின்சிறகைவிட நீண்டிருக்கும். ஈசலில் இடை தடித்து, உணர்கொம்பு மணிகோத்ததுபோல் நேராக, நான்கு சிறகுகளும் ஒரே நீளமாக இருக்கும். வெளியிலிருந்து விளக்குக்கு வரும் ஈசலால் கவலையில்லை. ஆனால் கதவு நிலையின் அடியிலோ கூரை மரத்தின் கீழோ ஈசல் சிறகுகள் குவிந்து கிடந்தால், மரத்தைத் தட்டிப் பார்த்து, உள்ளே கோறையாக ஒலித்தால் தாமதிக்காமல் கறையான் ஒழிப்பவரை அழையுங்கள்.