முசு போலக் கத்துவது எப்படி?

கேளுங்கள், சொல்கிறேன்: இந்த வாரம் குரங்குகளையும் குரங்குச் சண்டைக்கலையையும் பற்றிப் பதில் தருபவர், மூன்று முறை சீனா போய்வந்தவர், மத்திய அரசுப் பணியில் இருந்து ஓய்வு பெற்று, டெல்லி ஆர்.கே.புரத்தில் பிள்ளைகளுக்குச் சிலம்பம் சொல்லிக்கொடுப்பவர்.

? அடுத்த வருஷம் சீனா போகிறேன். குரங்கு பாணிக் குங்ஃபூ பார்க்க ஷாவோலின் போனால் போதுமா?
கல்லூரி மாணவர், மயூர் விகார்

போய்ப் பாருங்கள், தப்பில்லை. ஆனால் மேடையில் கன்னத்தைச் சொறிந்துகொண்டே பல்டி அடிக்கும் பையனைப் பார்த்துவிட்டு, இதுதான் 'ஹோவ் ச்சுவான்' என்று ஊர் திரும்பிவிடாதீர்கள். ஹோவ் என்றால் குரங்கு, ச்சுவான் என்றால் முஷ்டி. சொறிவது கைதட்டலுக்கு.

முதலில் ஏதாவது ஒரு பூங்காவில் காலை ஆறரைக்குப் போய் உட்காருங்கள். ஹுவா டுவோ என்று பழங்கால வைத்தியர் ஒருவர், கி.பி. 208 வாக்கில் இறந்தவர். புலி, மான், கரடி, குரங்கு, பறவை என ஐந்து விலங்குகளின் அசைவை வைத்து அவர் வகுத்ததாகச் சொல்லப்படும் உடற்பயிற்சியை இன்றும் செய்கிறார்கள். சிச்சுவான் மாகாணத்துச் செங்டு நகரில் ஒரு பாட்டி, எழுபது வயது இருக்கும். விரல் ஐந்தையும் ஒரே குவியலாகச் சேர்த்து மணிக்கட்டை மடக்கினார். தோள் இரண்டும் காது வரை ஏறின. குதிகால் எழும்பியது. கழுத்து வெடுக்கென்று இடப்பக்கம் திரும்பியது. பக்கத்து மரத்தில் யாரோ பழம் பறிக்கிறார்களோ என்று நானும் திரும்பிப் பார்த்துவிட்டேன்! சொறியவில்லை, பல்லை இளிக்கவில்லை. கண் மட்டும் முழுக்கக் குரங்கு.

அப்புறம், செங்டுவிலிருந்து ரயிலில் எமெய் மலைக்குப் போங்கள். 3,099 மீட்டர். உச்சிக்குப் போகாவிட்டாலும் பரவாயில்லை. கீழே சிங்யின் மண்டபத்துப் பக்கம் திபெத்தியக் குரங்குகள் இருக்கின்றன. கட்டை வால், தாடி, ஆள் மிரளும் உடம்பு. கையில் மூங்கில் கழியோடுதான் எல்லாரும் நடக்கிறார்கள். நானும் ஒன்று வாங்கினேன்; முப்பது வருஷம் சிலம்பம் சுற்றிய கை என்ற தெம்பு வேறு. எதிரே ஒரு கிழட்டுக் குரங்கு. என் தோள்பையை அது ஏறெடுத்தும் பார்க்கவில்லை. வேறெங்கோ பார்த்தது, விலாவைத் தடவியது, பயந்த மாதிரி இரண்டடி பின்னால் போனது. பாவமே என்று கழியைத் தாழ்த்தினேன். அடுத்த நொடி, கரோல் பாக்கிலிருந்து சுமந்து போன முறுக்குப் பொட்டலம் அதன் கையில்.

? குரங்குச் சண்டையைக் கண்டுபிடித்தவர் ஜெயில் கைதி என்கிறார்களே, நிஜமா?
வாசகர், ஜனக்புரி

கர்ணபரம்பரைக் கதை. சிங் வம்சத்தின் கடைசிக் காலத்தில் கோவ் சி என்பவர் கொலைக் குற்றத்துக்காகச் சிறைக்குப் போனார். ஜன்னலுக்கு வெளியே மரங்களில் குரங்குக் கூட்டம். வேறு வேலை இல்லாமல் வருஷக்கணக்காக அவற்றையே பார்த்து, ஐந்து வகையாகப் பிரித்தாராம்: உயரக் குரங்கு, மரக் குரங்கு, கல் குரங்கு, வழிதவறிய குரங்கு, குடிகாரக் குரங்கு. கல் குரங்கு அடியை உடம்பில் வாங்கிக்கொண்டு திருப்பி அடிக்கும். குடிகாரக் குரங்கு தள்ளாடி விழுகிற சாக்கில் காலை வாரும். வழிதவறிய குரங்கு மிரண்டு முழித்து எதிராளியை ஏமாற்றும். என் முறுக்கு போனது இந்தக் கணக்கில்தான்.

சிறைக்கதைக்குச் சாட்சி இல்லை. பின்னாளில் கெங் டெஹாய் என்பவர் இதைத் தன் தந்தையின் 'பீ குவா' சண்டை முறையோடு சேர்த்து ஹாங்காங்கில் கற்றுக்கொடுத்தது மட்டும் வரலாறு. கதை பொய்யாகவே இருந்தாலும் எனக்குப் பிடிக்கும். இருபது வருஷம் அலுவலக ஜன்னல் வழியே ரைசினா குன்றுக் குரங்குகளைப் பார்த்தவன் நான். ஒரு வகைகூடப் பிரிக்கத் தோன்றவில்லை.

? சீனத்துக் குரங்கு ராஜா நம் அனுமார்தானா?
இல்லத்தரசி, கரோல் பாக்

சீனர்களே நூறு வருஷமாக அடித்துக்கொள்ளும் கேள்வி அம்மா இது. 'மேற்குப் பயணம்' நாவலின் (கிடைத்திருக்கும் பழைய பதிப்பு 1592) நாயகன் சுன் வூகொங், அனுமாரிலிருந்து வந்தவர் என்றார் சீன அறிஞர் ஹூ ஷி. இல்லை, ஹுவாய் ஆற்றில் கட்டிப்போட்ட சீனத்துக் குரங்கு பூதம்தான் என்றார் எழுத்தாளர் லூ சுன்.

நீங்கள் ஃபூஜியன் மாகாணத்துச் சுவான்ஜோவுக்குப் போனால் ஹூ ஷி பக்கம் சாய்வீர்கள். அங்கே கைய்யுவான் கோயிலின் மேற்குக் கற்கோபுரம் 1237-இல் முடிந்தது. நாவலுக்கு முந்நூற்றைம்பது வருஷம் முன்னால். அதில் வாளேந்திய குரங்குமுகக் காவலன் நிற்கிறான். அதே கோயில் தூணில் நரசிம்மர், கிருஷ்ணர். 1281-ஆம் வருஷத்துத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்ததும் அதே ஊரில், சிவன் கோயிலைப் பற்றியது. நம் வணிகர்கள் மிளகோடு கதையையும் இறக்கியிருப்பார்கள் என்பது என் கட்சி. நாவலில் குரங்கு காவல் போகும் துறவி வேறு யாருமில்லை, காஞ்சிபுரம் வரை வந்துபோன நம் பாடப்புத்தக யுவான் சுவாங்தான்.

குணம் மட்டும் வேறு. அனுமார் இட்ட வேலையைச் செய்பவர். சுன் வூகொங்கோ, தேவலோகத்தில் கொடுத்த உத்தியோகம் வெறும் குதிரை லாயக்காரன் பதவி என்று தெரிந்ததும் மேசையைக் கவிழ்த்துவிட்டுப் போனவர். செக்ரட்டேரியட்டில் அப்படிப் பலரை எனக்குத் தெரியும்; மேசையைத்தான் யாரும் கவிழ்க்கவில்லை.

? சீனாவிலிருந்து அதிகாரிக்கு என்ன பரிசு வாங்கிவரலாம்?
பெயர் வேண்டாம், வடக்கு டெல்லி

குதிரைமேல் குரங்கு உட்கார்ந்த பொம்மை. குரங்குக்கும் பிரபுப் பட்டத்துக்கும் அங்கே ஒரே உச்சரிப்பு. 'குதிரைமேல்' என்றால் 'உடனே' என்றும் பொருள். சீக்கிரம் பதவி உயர்வு என்று வாழ்த்துவதாக ஆகும். அர்த்தத்தைச் சொல்லிக் கொடுங்கள், குரங்கு என்று திட்டியதாக நினைத்துவிடப் போகிறார்.

? போதிதர்மர் சொல்லிக்கொடுத்ததா இந்தக் குரங்குச் சண்டை?
வாசகர், முனிர்கா

இல்லை. அவரையும் சண்டைக்கலையையும் சேர்த்துச் சொல்லும் கதை அவருக்கு ஆயிரம் வருஷம் பிற்பட்டது.

? டெல்லியிலேயே குரங்கு வித்தை கற்க ஆள் உண்டா?
பள்ளி மாணவி, ஆர்.கே.புரம்

இருக்கிறார்களே பாப்பா, சம்பளத்துக்கு! முன்பெல்லாம் செம்முகக் குரங்குகளை விரட்ட லங்கூரைச் சங்கிலியில் கட்டிக் கொண்டுவருவார்கள். லங்கூர் என்றால் நம் சங்கப் பாட்டில் வரும் முசு. அது வனவிலங்குச் சட்டப்படி குற்றம் என்று ஆனதும், லங்கூர் போலவே குரல் கொடுக்கும் ஆட்களை வேலைக்கு வைத்தார்கள். 2023 ஜி20 மாநாட்டுக்கும் அவர்கள்தான். கூடவே லங்கூர் அட்டைப் படங்கள்.

அப்படி ஒருவரை மதில் ஓரம் பார்த்திருக்கிறேன். பீடியை அணைத்தார், தொண்டையைச் செருமினார், வயிற்றை உள்ளே இழுத்து "உப்... உப்..." என்றார். மதில்மேல் இருந்த பதினைந்து குரங்குகளும் தலையைத் திருப்பி, பெரியது முதலில் இறங்க, பின்னாலேயே எல்லாம் போய்விட்டன. ஐந்து நிமிஷம் நின்று கற்றுக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை எங்கள் மொட்டைமாடியில், தண்ணீர்த் தொட்டிமேல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து நானும் வயிற்றை இழுத்துப் பிடித்து "உப்" என்றேன். அது என்னைப் பார்த்தது, விலாவைத் தடவியது. பிறகு இறங்கிவந்து என் மனைவி காயப்போட்ட வடாமைத் தின்ன ஆரம்பித்தது.