சபையில் பத்து நாள் வெளிநாட்டு ஊழியப் பயணத்துக்கு அழைக்கிறார்கள். போகலாமா?

நேபாளம், பத்து நாள், ஆளுக்கு நாற்பதாயிரம் ரூபாய் என்று கேள்வியில் போட்டிருக்கிறீர்கள். லீவு கிடைக்குமா என்று ஒரு கவலை, பாதிப் பணத்தை யாரிடம் கேட்பது என்று இன்னொரு கவலை, வீட்டில் அம்மா "எதுக்குடா இதெல்லாம்" என்று முகத்தைத் தூக்கி வைத்திருப்பார். நானும் அந்த நிலையில்தான் போனேன். 2018 மே மாதம், இலங்கை மலையகம்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் விசுவாசத்தை விட்டுப் பின்வாங்கிப் போனவன் இல்லை. காசிமேட்டில் மொட்டை மாடியில் தகரக் கூரை போட்ட அதே சபையில் இன்றும் ஞாயிற்றுக்கிழமை காணிக்கை எண்ணுகிற இரண்டு பேரில் நான் ஒருவன். "சபையைக் குறை சொல்கிறான்" என்று ஒரு கூட்டமும் "மதம் மாற்றப் போனவன்தானே" என்று இன்னொரு கூட்டமும் கீழே வரும் என்று தெரியும். வாருங்கள், ஆனால் முழுதும் படித்துவிட்டு வாருங்கள்.

எனக்கு இந்தக் கேள்வி ஏன் உறுத்துகிறது என்றால், நான் இரண்டு பக்கமும் இருந்திருக்கிறேன். 2004 டிசம்பர் 26 சுனாமி வந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. அடுத்த சில மாதங்களில் எங்கள் பக்கம் வெளிநாட்டுக் குழுக்கள் வந்தன. அதில் ஒரு குழு உடைந்த ஃபைபர் போட் ஒன்றின் முன்னால் என்னையும் என் தங்கையையும் நிறுத்திப் படம் எடுத்தது. எங்கள் அப்பாவுக்குப் படகே கிடையாது. அவர் துறைமுகத்தில் ஐஸ் உடைக்கிறவர். அதைச் சொல்ல எனக்கு இங்கிலீஷ் வரவில்லை, சொல்லத் தெரிந்த பெரியவர்கள் சொல்லவில்லை. அந்தப் படம் எந்த ஊர் சபைச் சுவரில் "படகை இழந்த மீனவக் குடும்பம்" என்று தொங்கியதோ. நன்றி கெட்டவன் என்று நினைக்காதீர்கள், அவர்கள் தந்த ஸ்கூல் பேக் மூன்று வருடம் உழைத்தது. ஜிப் போன பிறகு அம்மா அதில் வெங்காயம் போட்டு வைத்தார்.

சரி, 2018-க்கு வருகிறேன். நான் லேப் டெக்னீஷியன், வண்ணாரப்பேட்டைப் பக்கம் ஒரு சின்ன ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. சபையில் இருந்து ஒன்பது பேர் கிளம்பினோம். ஆளுக்கு 38,000 ரூபாய். என் பங்கில் பாதிக்கு மேல் சபையார் கொடுத்தது. மீன் விற்கிற ஒரு அக்கா 500 ரூபாயைக் கவரில் போட்டு, மேலே "இலங்கை" என்று எழுதித் தந்தார். அந்தக் கவர் இன்னும் என் பைபிளில் இருக்கிறது.

போன கதையில் ஒரு எரிச்சலையும் சொல்லியே ஆகவேண்டும், கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான். எர்ணாவூரில் இருந்து வரவேண்டிய இரண்டு பேர் துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் லாரி வரிசையில் மாட்டிக்கொண்டார்கள். அவர்கள் வீட்டில் இருந்து ஏர்போர்ட் சேர மூன்று மணி நேரம். சென்னையில் இருந்து கொழும்புக்கு விமானத்தில் ஒன்றரை மணி நேரம்கூட இல்லை. எத்தனை வருடமாக இந்த லாரி வரிசை, எத்தனை மனு, எத்தனை மறியல்! வடசென்னைக்காரன் ரோட்டில் நிற்பதற்காகவே பிறந்தவன் என்று யாரோ முடிவு செய்துவிட்டார்கள். 2021-ல் விம்கோ நகர் வரை மெட்ரோ வந்ததால் தப்பித்தோம். மேலே ரயில் போகிறது, கீழே லாரி அப்படியேதான் நிற்கிறது.

கொழும்பு கோட்டையில் ரயில் ஏறி ஹட்டன். அங்கிருந்து வேனில் ஒரு தேயிலைத் தோட்டம். வரிசையாக லயன் வீடுகள் (லயம் என்பார்கள், தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு), ஓயாத மழை, காலெல்லாம் அட்டை. நாங்கள் பேசுகிற தமிழைக் கேட்டதும் "மெட்ராஸா, எந்தப் பக்கம்?" என்று பாட்டிமார் கையைப் பிடித்துக்கொண்டார்கள். 1964 சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்களின் அக்காவோ தம்பியோ இல்லாத வீடே அந்த லயத்தில் இல்லை. கோத்தகிரி, கூடலூர் என்று ஊர்ப் பெயர்கள் அவர்கள் வாயில் பக்கத்துத் தெரு மாதிரி வரும். சாயங்காலம் ரொட்டியும் சம்பலும் கொடுத்து எங்களைத்தான் கவனித்தார்கள். நாங்கள் அவர்களுக்கு ஊழியம் செய்யப் போயிருந்தோம்!

பாட்டு, ஜெபம், சிறுவர் கூட்டம் எல்லாம் நடந்தது. அதைப் பற்றிக் குறையாகச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை, சந்தோஷமாகவே இருந்தது. என் பொறுப்பு மருத்துவ முகாம். ரத்தத்தில் சர்க்கரை பார்க்கிற குளுக்கோமீட்டர் இரண்டு, அதற்கான ஸ்ட்ரிப் 300 கொண்டு போயிருந்தேன். கூட வந்தது ஒரு நர்ஸ். டாக்டர் கடைசி நேரத்தில் வரவில்லை, வந்திருந்தாலும் அந்த நாட்டு மருத்துவக் கவுன்சிலில் பதியாமல் வைத்தியம் பார்க்கக் கூடாது. இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. பறித்த கொழுந்தை எடை போட்டு முடித்து, நனைந்த சாக்கோடு வரிசையில் நின்றார்கள். இரண்டு நாளில் 211 பேர். 23 பேருக்குச் சர்க்கரை 250-க்கு மேல். ஒரு அம்மாவுக்கு 412. அவர் சிரித்துக்கொண்டே "நல்லதா மகன்?" என்று கேட்டார்.

விரல் நுனியில் ஒரு தடவை குத்திப் பார்த்து முடிவு சொல்லக் கூடாது, வெறும் வயிற்றில் பார்க்கவேண்டும், எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை) பார்க்கவேண்டும் என்று தினமும் பத்துப் பேருக்குச் சொல்கிறவன் நான். ஆனால் அங்கே ஒரு துண்டுச் சீட்டில் அளவை எழுதி, "சர்க்கரை அதிகம், ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். சபைக்குத் திரும்பி வந்து சாட்சி சொல்லும்போது 211 என்ற எண்ணை அழுத்திச் சொன்னேன். "ஆமென்" என்றார்கள். எனக்கும் அது இனித்தது, மறைப்பானேன்.

இரண்டு மாதம் கழித்து அந்தத் தோட்டத்துப் போதகருக்குச் சும்மா போன் போட்டேன். அவர் கோபப்படவே இல்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. "தம்பி, நீங்க சீட்டு எழுதிக் கொடுத்த ஆக்கள் இருபத்து மூணு பேரும் நீங்க போன மறுநாளே என் வீட்டுக்கு வந்துட்டாங்க. அடுத்து என்ன செய்யன்னு கேட்டா நான் என்ன சொல்றது?" என்றார்.

ஆஸ்பத்திரி இல்லாத ஊர் இல்லை அது. டிக்கோயாவில் இந்திய உதவியில் கட்டிய 150 படுக்கை ஆஸ்பத்திரி 2017-லேயே திறந்தாயிற்று, நம் பிரதமரே போய்த் திறந்தார். சிக்கல் வேறு. ஆஸ்பத்திரிக்கு ஒரு நாள் போனால் அன்றைக்கு வேலைப் பதிவேட்டில் பேர் விழாது, பேர் விழாவிட்டால் கூலி இல்லை. அப்போது அடிப்படை நாள் கூலி 500 ரூபாய், அதுவும் இலங்கை ரூபாய். ஆயிரம் கேட்டுப் போராடிக்கொண்டிருந்தார்கள், 2021-ல்தான் கிடைத்தது. அதோடு பஸ் ஓடுகிற ரோட்டுக்கு மலை இறங்கிப் போகவேண்டும். 412 இருந்த அம்மா எப்படி இறங்குவார்?

"ஸ்ட்ரிப் எல்லாம் வேணாம் தம்பி. மாசம் ஒருக்கா ஒரு வேன் வேணும்" என்றார் போதகர். வாடகை எவ்வளவு என்று கேட்டேன். நாலாயிரம், அவர்கள் காசில். நம் காசில் அப்போது சுமார் 1,750 ரூபாய். போனை வைத்துவிட்டுக் கணக்குப் போட்டேன். எங்கள் ஒன்பது பேர் செலவு 3,42,000. அதில் 195 மாதம் வேன் ஓடியிருக்கும். பதினாறு வருடம்!

இந்த இடத்தில் "அப்படியென்றால் யாருமே போகக் கூடாதா, பணம் மட்டும் அனுப்பினால் போதுமா" என்று சண்டைக்கு வருவீர்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. போகாமல் இருந்திருந்தால் எனக்கு அந்த வேன் விஷயமே தெரிந்திருக்காது. மீன் விற்கிற அக்காவும் பயணம் என்றதால்தான் 500 கொடுத்தார், வேன் வாடகை என்றால் எத்தனை பேர் கொடுத்திருப்பார்கள்? சபையில் கேட்டுப் பார்த்தேன், மூன்று பேர் முன்வந்தார்கள். என்னோடு நான்கு. வேன் வாடகையை எங்கள் சொந்தக் கணக்கில் இருந்து வங்கி வழியாக அன்பளிப்பாக அனுப்பினோம். 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பிறகு ஒரு மாதம் நின்றது, கொரோனாவில் நின்றது, 2022-ல் பெட்ரோல் இல்லாமல் வேன் நின்றது. இடையில் ஓடிய மாதங்களில் ஓடியது. அந்த அம்மாவுக்கு இப்போது 180, 190 என்று நிற்கிறதாம்.

அந்தப் போதகர் ஒரு தடவை பேச்சோடு பேச்சாகச் சொன்னது: அவருடைய கொள்ளுத்தாத்தா திருநெல்வேலியில் இருந்து உபதேசியாராக, அதாவது சபையில் போதிக்கிற ஊழியராகப் போனவர். காப்பித் தோட்டக் காலத்தில், 1854-ல், அங்கே தமிழ்க் கூலி மிஷன் என்ற பெயரிலேயே ஒன்று தொடங்கினார்கள், நம் ஊர் உபதேசியார்கள் அதில் வேலைக்குப் போனார்கள். "திரும்பிப் போக அவருக்கு டிக்கெட் போடல தம்பி" என்று சிரித்தார். குத்திக் காட்டினாரா, சும்மா சொன்னாரா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

உங்கள் நேபாளத்துக்கு வருகிறேன். நாங்கள் சுற்றுலா விசாவில் போய்ப் பிரசங்கம் பண்ணினோம், அது தப்பு, மாட்டாமல் வந்தது எங்கள் சாமர்த்தியம் இல்லை. நேபாளத்தில் விசா தொல்லை இல்லை, ஆனால் 2018 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த குற்றவியல் சட்டப்படி மதம் மாற்றுவதும் அதற்குத் தூண்டுவதும் குற்றம். ஐந்து வருடம் வரை சிறை, வெளிநாட்டவர் என்றால் தண்டனை முடிந்ததும் நாடு கடத்துவார்கள். நீங்கள் ஊர் வந்து சேர்ந்துவிடுவீர்கள், உங்களைக் கூட்டிப் போன உள்ளூர் ஆள் அங்கேதான் இருக்கவேண்டும். அதனால் பணம் கட்டுவதற்கு முன்னால் அந்த உள்ளூர் ஆளிடம் நீங்களே நேராக ஒரு தடவை பேசுங்கள், உங்கள் பாஸ்டர் வழியாக வேண்டாம். அவருக்கு என்ன வேண்டும் என்று கேளுங்கள். "நீங்கள் வந்தாலே போதும்" என்பார், மரியாதைக்குச் சொல்வது அது. இரண்டாவது தடவையும் கேளுங்கள்.

அப்புறம், விமானத்தில் போவதென்றால் ஆதாரை மட்டும் நம்பிப் போகாதீர்கள், பதினைந்து முதல் அறுபத்தைந்து வயது வரை உள்ளவர்களுக்கு நேபாளத்துக்கு அது செல்லாது. பாஸ்போர்ட் இல்லாவிட்டால் வாக்காளர் அட்டை எடுத்துக்கொள்ளுங்கள்.