மீட்டர் திருப்பிய காரைத் திருப்பித் தர முடியுமா?

கேள்வி: கோவையில் ஒரு ஆட்டோ கன்சல்டிங்கில் 2016 மாடல் பெட்ரோல் கார் ஒன்றை 4,60,000 ரூபாய்க்கு வாங்கினேன். மீட்டரில் 42,000 கிலோமீட்டர் காட்டியது. வாட்ஸ்அப்பிலும் 'ஒரிஜினல் கிலோமீட்டர், சிங்கிள் ஓனர்' என்று அனுப்பியிருந்தார்கள். ஐந்து வாரம் ஆகிறது. ஆயில் வேகமாகக் குறைகிறதே என்று கம்பெனி சர்வீஸில் விட்டால், 2023-லேயே இந்த வண்டி 1,08,000 ஓடியிருப்பதாகச் சொல்கிறார்கள். கன்சல்டிங்காரரோ, 'நாங்கள் வெறும் புரோக்கர். உள்ளது உள்ளபடி வாங்குகிறேன் என்று டெலிவரி நோட்டில் கையெழுத்துப் போட்டது நீங்கள்தானே' என்கிறார். ஆர்.சி. இன்னும் பழைய ஓனர் பெயரில்தான் இருக்கிறது. தினமும் இதில்தான் வேலைக்குப் போகிறேன். காரைக் கொடுத்துவிட்டுப் பணத்தைத் திரும்ப வாங்க முடியுமா?
— வாசகர், ஈரோடு

பதில்: முடியும். ஆனால் வேலைக்குப் பஸ்ஸில் போங்கள். நாளையிலிருந்து அந்தக் கார் வீட்டு வாசலைத் தாண்டக் கூடாது.

ஏமாற்றிப் பெற்ற சம்மதத்தின் பேரில் நடந்த ஒப்பந்தத்தை ஏமாந்தவர் ரத்து செய்யலாம் என்கிறது 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், பிரிவு 19. ரத்து வேண்டாமென்றால் வண்டியை வைத்துக்கொண்டு நஷ்டத்தைக் கேட்கலாம். இரண்டில் ஒன்றுதான். உண்மை தெரிந்த பிறகும் மாதக்கணக்கில் ஓட்டிக்கொண்டிருந்தால், 'தெரிந்தேதான் ஏற்றுக்கொண்டார்' என்று எதிர்த்தரப்பு சொல்லும். அந்த வாதம் எடுபடவும் செய்யும்.

'உள்ளது உள்ளபடி' என்ற வரியைக் கண்டு பயப்பட வேண்டாம். டயர் தேய்ந்திருக்கிறது, பம்பரில் கீறல், ஏ.சி. சரியாகக் குளிரவில்லை என்று நீங்கள் போனால் அந்த வரி குறுக்கே நிற்கும். பழைய வண்டியைக் கண்ணால் பார்த்துத்தானே வாங்கினீர்கள் என்பார்கள். பொய் சொல்லி விற்றதை அந்த வரி மூடாது.

சிக்கல் இன்னொரு இடத்தில் இருக்கிறது. பிரிவு 19-க்கே ஒரு விதிவிலக்கு உண்டு. விற்றவர் பொய் என்று தெரியாமல் தவறான தகவல் தந்திருந்தாலோ, சொல்ல வேண்டியதை மறைத்துப் பேசாமல் இருந்திருந்தாலோ, சாதாரண கவனத்தோடு விசாரித்தாலே உங்களுக்கு உண்மை தெரிந்திருக்கும் என்றால் ரத்து கிடையாது. கம்பெனி சர்வீஸில் வண்டி நம்பரைக் கொடுத்திருந்தால் பத்து நிமிடத்தில் தெரிந்திருக்கும் என்று அவர்கள் சொல்வார்கள். (உண்மையும் அதுதான். அட்வான்ஸ் கொடுக்கும் முன் அந்தப் பத்து நிமிடத்தை யாருமே செலவழிப்பதில்லை.) தெரிந்தே சொன்ன பொய்க்கு இந்த விதிவிலக்கு பொருந்தாது. ஆக, மீட்டரைத் திருப்பியது யார், அது கன்சல்டிங்காரருக்குத் தெரியுமா என்பதில்தான் உங்கள் வழக்கு நிற்கிறது.

ஆகவே முதலில் ஆர்.சி.யில் பெயர் உள்ள பழைய ஓனரைப் போய்ப் பாருங்கள். சண்டைக்குப் போகாதீர்கள், அவர் உங்கள் சாட்சியாகலாம். எத்தனை கிலோமீட்டரில் வண்டியைக் கொடுத்தார், கடைசி சர்வீஸ் பில் இருக்கிறதா, கன்சல்டிங்காரர் அவருக்கு என்ன எழுதிக் கொடுத்தார் என்று கேளுங்கள். 1,10,000-ஐத் தாண்டிக் கொடுத்தேன் என்று அவர் எழுதிக் கொடுத்தால், நடுவில் வண்டி யார் கையில் இருந்தது என்பதற்குக் கன்சல்டிங்காரர்தான் பதில் சொல்லியாக வேண்டும். பழைய ஓனருக்கும் இதில் அக்கறை உண்டு. ஆர்.சி. பெயர் மாறாத வரை விபத்து நடந்தால் நஷ்டஈடு அவர் தலையில்தான் விழும் என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் நவீன் குமார் வழக்கில் சொல்லியிருக்கிறது.

'புரோக்கர்' கதையும் நிற்காது. பணம் யார் கணக்கில் ஏறியது, ரசீது யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். அப்புறம், 2023 ஏப்ரல் 1 முதல் பழைய வண்டி வியாபாரிகள் போக்குவரத்துத் துறையிடம் அங்கீகாரம் வாங்க வேண்டும். விற்க வரும் வண்டியைப் படிவம் 29சி-யில் தெரிவிக்க வேண்டும். தெரிவித்த பிறகு அந்த வண்டிக்கு அவரே உரிமையாளராகக் கருதப்படுவார். உங்கள் ஆளிடம் அங்கீகாரம் இருக்கிறதா என்று அவருக்கு அனுப்பப்போகும் நோட்டீஸிலேயே கேளுங்கள். இல்லையென்றால் அதையும் புகாரில் சேர்க்கலாம்.

வழக்கை ஈரோடு நுகர்வோர் ஆணையத்திலேயே போடலாம், கோவைக்கு அலைய வேண்டியதில்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் இடமே போதும். கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் கிடையாது. கெடு இரண்டு வருடம். (தனி ஆளிடம் நேரடியாக வாங்கியிருந்தால் இந்த வழி கிடையாது, சிவில் கோர்ட்தான்.) போலீஸில் மோசடிப் புகார் கொடுக்கவும் சட்டத்தில் இடமுண்டு. ஆனால் 'இது சிவில் மேட்டர்' என்று திருப்பி அனுப்பிவிட்டால் அதையே எதிர்த்தரப்பு பிறகு காட்டும் என்பதால், நான் முதல் படியாக அதை எடுப்பதில்லை.

சர்வீஸ் சென்டரில் பழைய ஜாப் கார்டுகளின் (ஒவ்வொரு சர்வீஸின்போதும் கிலோமீட்டரைக் குறித்து வைக்கும் சீட்டு) நகலை முத்திரையோடு கேளுங்கள். ஆர்.சி. உங்கள் பெயரில் இல்லை என்று மறுத்தால் பழைய ஓனரை விட்டுக் கேட்கச் சொல்லலாம். அதுவும் நடக்காவிட்டால் ஆணையமே வரவழைக்கும். வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள், வழக்கு முடியும் வரை போனையும் மாற்றாதீர்கள்.

இன்ஜினைப் பிரிக்க மட்டும் விடாதீர்கள். ஆயில் குடிப்பது பிஸ்டன் ரிங்கா, வால்வு சீலா என்று மெக்கானிக் ஆர்வமாகக் கழற்றிவிட்டால், ஆணையம் நியமிக்கும் நிபுணருக்குப் பார்க்க எதுவும் மிஞ்சாது. 'ஐந்து வாரமும் ஆயிலே பார்க்காமல் ஓட்டிக் கெடுத்தார்' என்பது இந்த மாதிரி வழக்குகளில் வழக்கமாக வரும் பதில். அதனால் வாங்கிய நாள் முதல் நீங்கள் ஊற்றிய ஒவ்வொரு லிட்டர் ஆயிலுக்கும் தேதியும் கிலோமீட்டரும் போட்ட பில் வேண்டும். பில் இல்லாமல் ஊற்றியிருந்தால் அந்தக் கடையில் இப்போதே கேட்டு வாங்குங்கள்.

விலை வித்தியாசத்தை மட்டும் வாங்கிக்கொண்டு வண்டியை வைத்துக்கொள்வதென்று முடிவு செய்தால், பெயர் மாற்றத்தை உடனே முடியுங்கள். வாங்கியவருக்கு 30 நாள்தான் கெடு; அது தாண்டிவிட்டதால் ஒரு சிறு தொகை கட்ட வேண்டியிருக்கும். இன்சூரன்ஸை 14 நாளுக்குள் மாற்றியிருக்க வேண்டும். இப்போது மரத்தில் மோதினால் உங்கள் வண்டியின் சேதத்துக்கு ஒரு பைசா வராது; மூன்றாம் நபருக்கு மட்டும்தான் காப்பு. திருப்பித் தருவதென்றால் பெயர் மாற்றத்தை இப்போது தொடாதீர்கள், மாற்றிவிட்டால் 'செகண்ட் ஓனர் ஆகிவிட்டது' என்று அதற்கும் விலையைக் குறைப்பார்கள்.

நோட்டீஸில் மூன்று விஷயம் தெளிவாக இருக்கட்டும்: ஒப்பந்தத்தை ரத்து செய்கிறேன், வண்டி இன்ன தேதியிலிருந்து இத்தனை கிலோமீட்டரில் நிற்கிறது, 15 நாளில் பணத்தைக் கொடுத்துவிட்டு எடுத்துச் செல்லலாம். நிறுத்திய அன்று மீட்டரைப் போட்டோ எடுத்து அதையும் இணையுங்கள். டெலிவரி ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். வாங்க மறுத்துத் திரும்பி வந்தால் அந்தக் கவரைப் பிரிக்காமல் அப்படியே எடுத்து வாருங்கள்.