மரபணு தொண்டு நிறுவனத்தில் கோடைப் பயிற்சி

கேள்வி: மகள் பி.எஸ்சி. விலங்கியல் இறுதியாண்டு. மரபணு நோய்களுக்கான தொண்டு நிறுவனத்தில் பயிற்சிக்கு விண்ணப்பிக்கிறாள். என்ன தெரிந்திருக்க வேண்டும்?
- வாசகி, மண்டபம்

பதில்: ஆய்வகக் கனவோடு மட்டும் போனால் ஏமாற்றம்தான். பெரும்பாலும் முதலில் கையில் வருவது, குடும்பத்தில் யாருக்கு நோய் என்று காட்டும் குடும்ப வரைபடம். மூன்று தலைமுறையாவது வேண்டும். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், நோயுள்ளவருக்கு உள்ளே கருப்பு, சொந்தத்தில் மணந்தவர்களுக்கு இடையே இரட்டைக் கோடு. சறுக்குவது கேள்வி கேட்பதில். “சொந்தமா?” என்றால் “தூரத்து உறவு” என்று முடித்துவிடுவார்கள். தாய்மாமனா, மாமன் மகனா, அத்தை மகனா என்று முறை சொல்லிக் கேட்க வேண்டும். காரணம், உட்கலப்புக் கெழு (பொது மூதாதையரின் ஒரே மரபணு தாய், தந்தை இருவர் வழியாகவும் குழந்தைக்கு வரும் வாய்ப்பு) தாய்மாமன் மணத்தில் 1/8, மாமன் - அத்தை பிள்ளைகள் மணத்தில் 1/16. கலைந்த கருவையும் இறந்த குழந்தையையும் தாமாகச் சொல்லமாட்டார்கள். தனியாக, பதமாகக் கேட்கட்டும்.

ரத்தம் எடுக்கச் செவிலியர் இருப்பார். குழாயில் ஒட்டும் பெயர்ச்சீட்டும் அதை எடுத்துச்செல்லும் பெட்டியும் பயிற்சிக்கு வந்தவர் பொறுப்பாகலாம். டிஎன்ஏ சோதனைக்கு ஊதா மூடி இடிடிஏ (ரத்தம் உறையாமல் தடுக்கும் பொருள்) குழாய். எடுத்தவுடன் 8 முதல் 10 முறை மெதுவாகக் கவிழ்க்காவிட்டால் உறைந்துவிடும். பச்சை மூடிக் குழாயில் உள்ள ஹெப்பாரினும் உறைதலைத் தடுப்பதுதான்; ஆனால் அது டிஎன்ஏவைப் பல படிகளாகப் பெருக்கும் பிசிஆர் முறையைத் தடுக்கும். ராமநாதபுரம் வெயிலுக்குப் பயந்து ஐஸ் மேலேயே குழாயை வைத்தால் செல்கள் உடையும்; நடுவே துணி வேண்டும்.

விண்ணப்பக் கடிதம் அரைப்பக்கம் போதும். நிறுவனம் என்.ஜி.ஓ. தர்ப்பண் என்ற அரசு இணையதளத்தில் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். உதவித்தொகை உண்டா என்பதை எழுத்தில் கேளுங்கள். பயிற்சிக்குப் பணம் கட்டச் சொன்னால் விட்டுவிடுங்கள்.