ஹெட்டை கழட்டியாச்சு, போர்ட்டிங்கும் பண்ணிடலாமா?

கேள்வி: பழைய நாலு சிலிண்டர் பெட்ரோல் கார், அலுமினிய ஹெட் (இன்ஜினோட மேல் பாகம், வால்வெல்லாம் இருக்குறது). காலைல ஸ்டார்ட் பண்ணதும் நீலப்புகை, அப்புறம் நின்னுடும், பிக்கப்பும் இல்ல. ஹெட்ட கழட்டி வெச்சிருக்கேன், பட்ஜெட் கம்மி. நானே போர்ட்டிங் (ஹெட்டுக்குள்ள காத்து போற வழிய, அதாவது போர்ட்ட, இழைச்சு சீராக்குறது) பண்ணி பளபளன்னு பாலிஷ் போட்டா பவர் ஏறுமா சார்?

பதில்: பாலிஷ் ஆசைய கொஞ்சம் ஓரமா வைங்க. நீங்க சொல்ற புகைக்கு பெரும்பாலும் காரணம் வால்வு சீல் (ஆயில் உள்ள இறங்காம தடுக்குறது) காஞ்சுபோனது, இல்லன்னா கைடு (வால்வு தண்டு மேல கீழ போற குழாய்) தேஞ்சது. வால்வ லேசா தூக்கி பக்கவாட்டுல ஆட்டிப் பாருங்க, லொடலொடன்னு ஆடுச்சுன்னா கைடு போச்சுன்னு அர்த்தம், அதுக்கு மேல வால்வையும் அது உக்காருற சீட்டையும் எவ்ளோ லேப்பிங் பேஸ்ட் (சொரசொரப்பான பசை) போட்டு தேச்சாலும் வேஸ்ட்தான், வால்வு ஒரே இடத்துல உக்காராது. கைடு மாத்தின பிறகுதான் சீட் கட்டிங், ஏன்னா கட்டர் சென்டர் எடுக்குறதே கைடுலதான். இருக்குற காசு மொத்தத்தையும் கைடு, சீட் இந்த ரெண்டுலயும் போடுங்க. சீட்ட 30, 45, 60 டிகிரின்னு மூணு ஆங்கிள்ல வெட்டச் சொல்லுங்க, அதுவே பாதி போர்ட்டிங் மாதிரி.

மீதிய நீங்களே செய்யலாம். சீட்டுக்கு நேர் கீழ இருக்குற குழியத் தடவிப் பாருங்க, வார்ப்பு விளிம்பு விரல்ல தட்டும், அங்கதான் காத்து முட்டுது. அத மட்டும் டை கிரைண்டர்ல இழைச்சு விடுங்க, அலுமினியத்துக்குன்னு இருக்குற பெரிய பல் கட்டர்தான் போடணும், இல்லன்னா அடைச்சுக்கும். இந்த வேலைய சீட் வெட்றதுக்கு முன்னாடியே முடிச்சிடுங்க, அப்புறம் கட்டர் வழுக்கி சீட்ல கோடு விழுந்தா மறுபடி செலவு. போர்ட்ட பெருசாக்காதீங்க, காத்தோட வேகம் குறைஞ்சு லோ ஆர்பிஎம்ல இழுவையே இருக்காது, ஓவரா தோண்டினா கூலிங் தண்ணி ஓடுற ஜாக்கெட்டே ஓட்டையாயிடும். காத்து உள்ள வர்ற இன்லெட் போர்ட்ட 80 கிரிட் எமரி பேப்பரோட விட்டுடுங்க, பாலிஷ் வேணும்னா எக்ஸாஸ்ட்ல போட்டுக்கோங்க, கார்பன் ஒட்டுறது கொஞ்சம் குறையும்.

வால்வு, ஸ்பிரிங் மாட்டினதும் ஹெட்ட கவுத்து, பிளக்க போட்டு, சேம்பர்ல (பெட்ரோல் எரியுற குழி) மண்ணெண்ணெய் ஊத்தி போர்ட்டுக்குள்ள டார்ச் அடிச்சுப் பாருங்க. ஈரம் கசிஞ்சா அந்த வால்வ கழட்டி மறுபடி லேப்பிங்.

கேள்வி: அப்போ ஹெட் போல்ட் பழசே போதுமா?

பதில்: டார்க் (இவ்ளோ விசைல முறுக்கணும்ங்கிற அளவு) வெச்சு அப்புறம் 90 டிகிரி திருப்புன்னு மேனுவல்ல போட்டிருந்தா அது பெரும்பாலும் இழுபட்டு நீளுற டைப், புதுசு வாங்கிடுங்க. ஹெட்டுக்கு அடியில வர்ற கேஸ்கெட் எப்படியும் புதுசுதான், அதுல பேரமே இல்ல.