அமெரிக்கர்கள் தேயிலை வரிக்காகத்தான் பிரிட்டனோடு சண்டைக்குப் போனார்களா? முதல் குண்டு எங்கே வெடித்தது?

பள்ளிக்கூடத்தில் படித்ததை வைத்து நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். மகள் வீட்டுக்கு மாசசூசெட்ஸ் போனபோது கான்கார்டு ஊரில் அந்தப் பழைய போர்க்களப் பாலத்தைப் பார்த்தேன். அதற்குப் பிறகுதான் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

முதலில் தேயிலை. 1773-இல் வந்த தேயிலைச் சட்டத்தால் விலை ஏறவில்லை, இறங்கத்தான் வழி பிறந்தது! சென்னைக் கோட்டையில் உட்கார்ந்திருந்த அதே கிழக்கிந்தியக் கம்பெனி அப்போது கடனில் தத்தளித்தது; விற்காத தேயிலை லண்டன் கிடங்குகளில் மலைபோலக் கிடந்தது. அதை நேரடியாக, அப்போது பிரிட்டனின் காலனியாக இருந்த அமெரிக்காவுக்கு அனுப்பி விற்க அனுமதித்தார்கள். ஆனால் பவுண்டுக்கு 3 பென்ஸ் வரி மட்டும் அப்படியே இருந்தது. ‘எங்கள் பிரதிநிதி ஒருவர்கூட இல்லாத பிரிட்டிஷ் நாடாளுமன்றம் போட்ட வரியை, மலிவு விலையைக் காட்டி ஒப்புக்கொள்ள வைக்கப் பார்க்கிறார்கள்’ என்று அங்கிருந்தவர்கள் கொதித்தார்கள். கடத்தல் தேயிலை விற்றவர்களுக்கோ பிழைப்பில் மண். டிசம்பர் 16 இரவு பாஸ்டன் துறைமுகத்தில் 342 பெட்டிகள் தண்ணீருக்குள் போயின. (அத்தனையும் சீனத் தேயிலை. அசாம், நீலகிரித் தோட்டங்கள் எல்லாம் அடுத்த நூற்றாண்டுக் கதை.)

இதுவரை நடந்தது வரித் தகராறு. 1765 முத்திரை வரியை மறு வருடமே வாபஸ் வாங்கியதுபோல இதையும் பேசித் தீர்த்திருக்கலாம் என்பது என் எண்ணம். காரியத்தைக் கெடுத்தது, தேயிலையைக் கொட்டியதற்காக 1774-இல் வந்த தண்டனைச் சட்டங்கள். பாஸ்டன் துறைமுகத்தை மூடியது எல்லோருக்கும் தெரியும். அதைவிடப் பெரிய அடி, மாசசூசெட்ஸ் ஆட்சிமுறையையே மாற்றிய சட்டம். அங்கே ஒவ்வொரு ஊரிலும் ஊர்க்கூட்டம் போட்டு எல்லாவற்றையும் முடிவு செய்வது தலைமுறைப் பழக்கம். இனி ராஜா நியமித்த கவர்னரின் அனுமதி இல்லாமல் வருடத்துக்கு ஒரு கூட்டம்தான். நீதிபதிகளும் கவர்னர் கைக்குள். கடன் வழக்கில் நிலம் போய்விடுமோ என்ற பயம், தேயிலையைப் பற்றிக் கவலையே படாத உள்நாட்டு விவசாயியையும் தெருவுக்கு இழுத்துவந்தது.

1774 செப்டம்பர் 6 அன்று மாசசூசெட்ஸின் வூஸ்டர் ஊரில் 4,622 ஊர்ப்படையினர் தெருவின் இரு பக்கமும் வரிசைகட்டி நின்றார்கள். நீதிமன்ற அதிகாரிகள் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நடுவே நடந்து, ‘இந்தச் சட்டத்தின்படி வேலை செய்யமாட்டோம்’ என்று முப்பது தடவைக்கு மேல் படித்துக் காட்ட வேண்டியிருந்தது, கடைசி வரிசைக்காரனுக்கும் காதில் விழ வேண்டுமே! ஒரு குண்டுகூட வெடிக்கவில்லை. என்னைக் கேட்டால் அந்த வட்டாரத்தில் ராஜாவின் ஆட்சி அன்றே முடிந்துவிட்டது.

கவர்னராக இருந்த ஜெனரல் கேஜுக்கும் அது புரிந்தது. வெடிமருந்தையும் ஆயுதங்களையும் கைப்பற்றுவதிலேயே குறியாக இருந்தார். 1775 ஏப்ரல் 18 இரவு சுமார் 700 சிப்பாய்களைக் கான்கார்டுக்கு அனுப்பினார். எதிர்ப்புக்காரர்களான பால் ரெவியரும் வில்லியம் டாஸும் குதிரையேறி முன்கூட்டியே ஊர் ஊராகச் சேதி சொல்லிவிட்டார்கள்.

விடியற்காலை லெக்சிங்டன் ஊர்ப்பொதுத் திடலில் கேப்டன் ஜான் பார்க்கரோடு ஊர்ப்படையினர் எழுபத்துச் சொச்சம் பேர். படை பெரிது என்று கண்டு அவர் கலையச் சொன்னார். கலைந்துகொண்டிருக்கும்போதே எங்கிருந்தோ ஒரு வெடி. யார் சுட்டது என்று இன்றுவரை தெரியாது. ஊர்ப்படையில் 8 பேர் செத்தார்கள்.

கான்கார்டில் நடந்ததுதான் எனக்கு மறக்கவில்லை. சிப்பாய்கள் பீரங்கி வண்டிகளைக் கொளுத்தியபோது தீ பக்கத்து ஊர்மன்றக் கட்டடத்தில் பிடித்தது. மார்த்தா மோல்டன் என்ற முதிய விதவை மன்றாட, சிப்பாய்களே தண்ணீர் ஊற்றி அணைத்தார்கள். தூரத்து மேட்டில் நின்ற ஊர்ப்படைக்குத் தெரிந்தது புகை மட்டும். ஊரையே எரிக்கிறார்கள் என்று நினைத்துப் பாலத்துக்கு இறங்கினார்கள். சிப்பாய்கள் சுட்டதில் ஊர்ப்படையில் இரண்டு பேர் விழுந்தார்கள். உடனே ஊர்ப்படை மேஜர் பட்ரிக் ‘சுடுங்கள்’ என்று கத்தினார். ராஜாவின் சிப்பாய்களைச் சுடச்சொல்லி முதலில் உத்தரவு போட்டது அங்கேதான்.

பாஸ்டன் திரும்பும் வழியெல்லாம் கல்சுவருக்குப் பின்னாலிருந்தும் மரத்துக்குப் பின்னாலிருந்தும் அடி. பிரிட்டிஷ் தரப்பில் 73 பேர், ஊர்ப்படையில் 49 பேர் செத்தார்கள். அப்போதும் சுதந்திரம் என்று யாரும் அறிவிக்கவில்லை. ஜூலையில்கூட ராஜாவுக்குச் சமாதான மனு போயிற்று.

முதல் குண்டு எந்த ஊரில் என்ற சண்டை இரண்டு ஊர்களுக்கும் தீரவே இல்லை. மாசசூசெட்ஸில் ஏப்ரல் 19-ஐ விடுமுறையாக்கியபோது ‘லெக்சிங்டன் நாள்’ என்றது ஒரு ஊர், ‘கான்கார்டு நாள்’ என்றது மற்றது. 1894-இல் கவர்னர் ‘தேசபக்தர் நாள்’ என்று பொதுப்பெயர் வைத்துத் தப்பித்துக்கொண்டார்.