கிலோ கணக்கும் மணிக் கணக்கும்

அன்புள்ள ஐயா,

பத்து வருடம் ஒரு பட்டறையில் வெல்டராக இருந்துவிட்டு, போன வருடம் சொந்தமாக உலை போட்டு உட்கார்ந்தேன். அடித்துச் செய்கிற வேலைதான் எனக்குப் பிடித்தது. சுருள் வைத்த கிரில், படிக்கட்டுக் கைப்பிடி, கேட், கொக்கி என்று வேலைக்குக் குறைவில்லை. காலையில் உலை மூட்டினால் இருட்டுகிறவரை கை ஓயாது. ஆனால் இரும்புக்கும் வாடகைக்கும் கொடுத்தது போக மாதக் கடைசியில் மிஞ்சுவது, முன்பு வாங்கிய சம்பளத்தைவிடக் குறைவு. பழைய பட்டறையில் சொல்வதுபோல் கிலோவுக்கு இவ்வளவு என்றுதான் விலை சொல்கிறேன். கூட்டிச் சொன்னால் ஆள் வராதே என்று பயம். மோட்டாரில் தானே அடிக்கிற சுத்தியல் இயந்திரம், அதாவது பவர் ஹாமர் ஒன்று வாங்கிப் போட்டால் வேகம் கூடி எல்லாம் சரியாகும் என்கிறான் நண்பன். கடன் வாங்கலாமா? பக்கத்து வீட்டோடு சத்தத்துக்காகச் சண்டை வேறு. பட்டறையின் படத்தை இணைத்திருக்கிறேன்.

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள நண்பருக்கு,

இப்போதைக்குக் கடன் வாங்காதீர்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன், முதலில் அந்தக் கிலோ கணக்கைப் பார்த்துவிடுவோம்.

12 மி.மீ. சதுரக் கம்பி மீட்டருக்கு 1.13 கிலோ வரும். ஒரு சுவர்க் கொக்கிக்கு 20 செ.மீ. வெட்டுகிறீர்கள், கால் கிலோகூட இல்லை. அதன் நுனியை இலையாகத் தட்டி, உளியால் நரம்பு கீறி, கழுத்தை முறுக்கி, துளை போட்டு முடிக்க நாலைந்து தடவை உலையில் வைத்துச் சூடேற்ற வேண்டும். அரை மணி நேரம் போய்விடும். அதே அரை மணியில் உங்கள் பழைய பட்டறையில் எட்டு ஒன்பது மீட்டர் கம்பியை நேராக வெட்டிப் பற்றவைத்து எறிந்திருப்பீர்கள். அது பத்துக் கிலோ. அந்த வேலைக்குக் கிலோ கணக்கு ஒத்துவரும், ஏனென்றால் அங்கே விற்பது பெரும்பாலும் இரும்பு. நீங்கள் விற்பது சுத்தியல் அடி. போதாததற்கு, ஒவ்வொரு சூட்டுக்கும் கொஞ்சம் இரும்பு செதிலாக உதிர்ந்துபோகும். அதிகம் உழைத்த சாமான் எடை குறைந்து நிற்கும், கிலோ கணக்கில் அதற்கும் தண்டம் கட்டுவது நீங்கள்தான்!

மணிக் கணக்குக்கு வாருங்கள். எனக்கு இது புரியவே ஆறு வருடம் ஆனது. ஒரு மழைக்காலத்தில் வேலை குறைவாக இருந்தபோது, உலைக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு அட்டையை ஆணியடித்து மாட்டினேன். உலை மூட்ட, அளக்க, வெட்ட, அடிக்க, பொருத்த, தேய்க்க, பெயின்ட், கொண்டுபோய் மாட்ட, பேச்சு என்று கட்டம் போட்டு, கால் மணிக்கு ஒரு கோடு. இரண்டு மாதம் போட்டேன். கொல்லன் என்று பெயர் வைத்துக்கொண்டிருந்த எனக்குப் பட்டறைக்கல்லில் கழிந்த நேரம் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. நீளமான கட்டம் எது தெரியுமா? தேய்ப்பு. செதில் போக கிரைண்டரைப் பிடித்துக்கொண்டு நின்ற நேரம். அதற்கு மருந்து ஒரு பழைய தொட்டியும் வினிகரும்தான். சாமானை ராத்திரி ஊறப்போட்டுக் காலையில் கம்பித் தூரிகையால் தேய்த்தால் செதில் உரிந்து வந்துவிடும். சமையல் சோடா கரைத்த தண்ணீரில் அலசிக் காயவைக்க மட்டும் மறக்காதீர்கள், இல்லாவிட்டால் பெயின்டுக்கு அடியில் துரு எட்டிப்பார்க்கும்.

பவர் ஹாமரைத் தள்ளிப்போடச் சொன்னது இதனால்தான். அது அடிக்கிற நேரத்தைத்தான் குறைக்கும். கம்பியை நீட்டுவதிலேயே பாதி நாள் போகிறது என்று உங்கள் அட்டை சொன்னால் தாராளமாக வாங்குங்கள். வெட்டுவதில் போகிறது என்று சொன்னால் ஒரு நல்ல பேண்ட்சா (பட்டை ரம்ப இயந்திரம்) போதும், அதன் விலையும் குறைவு. இரும்பு பிடித்த கை சும்மா இருக்காது என்பார்கள். இயந்திரம் வாங்கும் விஷயத்தில் அந்தக் கையைக் கொஞ்சம் கட்டிப்போட வேண்டும்.

அட்டையில் இன்னொன்றும் தெரியும். வாரத்துக்கு 48 மணி நேரம் பட்டறையில் இருந்தாலும், வாடிக்கையாளர் காசு கொடுக்கிற மணிகள் 25 தேறினால் பெரிய விஷயம். வருடத்தில் 48 வாரம் என்றால் 1,200 மணி. ஒரு வருட வாடகை, மின்சாரம், கரி அல்லது கேஸ், டிஸ்க், வெல்டிங் ராடு, வண்டிச் செலவு, காப்பீடு, உங்கள் சம்பளம் எல்லாவற்றையும் கூட்டி அந்த 1,200-ஆல் வகுங்கள். சம்பளத்தை விட்டுவிடாதீர்கள், எல்லோரும் விடுவது அதைத்தான். வருவதுதான் உங்கள் மணி விலை. இரும்பின் விலையைத் தனியே சேருங்கள். முதல் தடவை வகுத்துப் பார்த்தபோது எனக்கு நெஞ்சு அடைத்தது, இவ்வளவா என்று. ஆமாம், அவ்வளவுதான். சிலர் வரமாட்டார்கள். கடையில் கிடைக்கிற ரெடிமேட் கிரிலோடு ஒப்பிடுகிறவர் எப்படியும் உங்களுக்கான ஆள் இல்லை.

முன்பணம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். குறைந்தபட்சம் இரும்புக்கான முழுத் தொகையாவது கைக்கு வராமல் கம்பியை வெட்டாதீர்கள். வரைபடத்தில் கையெழுத்து வாங்குங்கள். ‘இங்கே ஒரு பூ வைத்தால் நல்லாயிருக்குமே’ என்று பாதியில் வருவார்கள். வைக்கலாம், அதற்கு விலையும் உண்டு என்று அப்போதே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

அளவு எடுப்பதில் நான் பட்டதையும் கேளுங்கள். ஒரு இரட்டைக் கதவு கேட்டுக்குத் தூண்களின் இடைவெளியைக் கீழே மட்டும் அளந்துவிட்டு வந்தேன். மூன்று வாரம் வேலை செய்து வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் நிறுத்தினால், மேலே இரண்டு கதவும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கிறது. ஒரு தூண் உள்ளே 15 மி.மீ. சாய்ந்திருந்தது. வீட்டுக்காரர் முன்னாலேயே கீலை அறுத்து, பெயின்டைக் கருக்கி, மறுபடி பற்றவைத்தேன். தூண் கோணல் என்று சொல்லிப் பார்த்தேன். தூணைக் கட்டினவரை இல்லை, என்னைத்தான் முறைத்தார். இப்போதெல்லாம் மேலே, நடுவே, கீழே மூன்று அளவும், மூலைக்கு மூலை இரண்டு குறுக்களவும் எடுக்காமல் டேப்பை மடக்குவதில்லை.

பக்கத்து வீட்டுச் சண்டையில் நியாயம் அவர்கள் பக்கம்தான். பட்டறைக்கல் மணிபோல ஒலிப்பதைக் குறைக்கலாம். அதன் இடுப்பில் கனமான சங்கிலியை இறுக்கிக் கட்டுங்கள். கல்லுக்கும் அது உட்கார்ந்திருக்கும் கட்டைக்கும் நடுவே சிலிகான் படுகை போடுங்கள். கல்லின் நீண்ட முனையான கொம்புக்கு அடியில் ஒரு பெரிய காந்தத்தை ஒட்டினாலும் ஓசை செத்துவிடும். அப்புறம் சுத்தியல் எந்த நேரத்தில் பேசும் என்று அவர்களிடம் சொல்லி, சொன்னபடி நடந்துகொள்ளுங்கள். உங்கள் காதுக்கும் அடைப்பான் வேண்டும். எனக்கு வலது காது பாதிதான் கேட்கிறது.

உடம்பு விழுந்தால் தொழிலும் விழும் என்பதால் துத்தநாகம் பூசிய ஜி.ஐ. குழாய் பற்றியும் ஒரு வார்த்தை. மலிவாகக் கிடைக்கிறது என்று அதை உலையில் வைக்காதீர்கள். துத்தநாகம் 907 டிகிரியில் கொதித்து ஆவியாகிவிடும், அடிப்பதற்கு நாம் ஏற்றுகிற சூடு அதையும் தாண்டும். அந்தப் புகையை இழுத்தால் அன்று ராத்திரியே குளிர்காய்ச்சல் போலத் தூக்கிப்போடும்.

கடைசியாக, நீங்கள் அனுப்பிய படம். உலை அழகாக இருக்கிறது, குறடுகளை வரிசையாக மாட்டியிருப்பதும் பிடித்தது. ஆனால் கிரைண்டர் மேசைக்கு அடியில் ஆளிவிதை எண்ணெய் டப்பாவும், பக்கத்தில் துடைத்துச் சுருட்டிப் போட்ட துணிக் குவியலும் தெரிகிறது. அந்த எண்ணெய் காயும்போது தானாகச் சூடாகும். குவியலாகக் கிடந்தால் சூடு வெளியேற வழியில்லாமல், பொறி விழாமலே பற்றிக்கொள்ளும். அங்கே பொறியும் விழுகிறது. இதைப் படித்ததும் அவற்றை எடுத்து, தண்ணீர் ஊற்றிய தகர டப்பாவில் அமுக்கி மூடி, பட்டறைக்கு வெளியே வைத்துவிட்டு வாருங்கள். மணிக் கணக்கை நாளைக்குப் போடலாம்.